பத்து நாள் விபஸ்ஸனா: செட்டிநாட்டுப் பேரேட்டில் வரவும் பற்றும்

விபஸ்ஸனா என்பது மௌனமாக உட்கார்ந்து மூச்சையும் உடம்பின் உணர்ச்சிகளையும் கவனிக்கும் பௌத்தத் தியானம். அதன் பத்து நாள் தங்கும் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எதற்கும் பைசா வாங்குவதில்லை. இதைக் கேட்டதும் காரைக்குடி வியாபாரிக்கு எழும் முதல் சந்தேகம், “சும்மா கொடுக்கிறான்னா எங்கேயோ இடிக்குதே” என்பதாகத்தான் இருக்கும். கணக்கு இப்படி: ஒரு பத்து நாள் பயிற்சியை முழுதாக முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள். முடிக்காதவர் நீட்டினாலும் வாங்கமாட்டார்கள். ஆகவே நீங்கள் சாப்பிடும் சோறு உங்களுக்கு முன்னால் வந்துபோனவர் வைத்த மகமை, பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் பங்கு. நீங்கள் வைத்துவிட்டு வருவது அடுத்து வருபவருக்கு. மகமை எழுதிப் பழகிய ஊருக்கு இது விளங்காத ஏற்பாடு இல்லை.

பணம்தான் வேண்டாமே தவிர, நாள் நிறைய வேண்டும். பத்து நாள் என்பது பெயரளவில்தான். முதல் நாளுக்கு முந்தின நாளான பூஜ்ய நாள் பிற்பகலில் போய்ப் பதிந்து, பதினோராம் நாள் காலை ஏழரை வாக்கில்தான் வெளியே விடுவார்கள். பயணத்தையும் சேர்த்தால் காலண்டரில் 12 நாளை அடித்துவிட வேண்டும். நடுவில் கிளம்பி வருவதாக இருந்தால் போகவே வேண்டாம். ஐந்தாம் நாள் திரும்புகிறவர் காயத்தைத் திறந்துவிட்டுத் தையல் போடாமல் வருகிறார்.

செட்டிநாட்டிலிருந்து போக இரண்டு இடம் வசதி. ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில் காந்திகிராமம் பக்கம் உள்ள தம்ம மதுரா. திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் போய்விடலாம். இன்னொன்று சென்னைக்கு வெளியே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது. அதற்கு விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏறி, எழும்பூர்வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கிக்கொள்வது நல்லது. விண்ணப்பம் இணையத்தில்தான். தேதி திறந்த சில நாளிலேயே இடம் நிரம்பிவிடுவது சகஜம், பெண்கள் பக்கம் இன்னும் சீக்கிரம். காத்திருப்புப் பட்டியலில் விழுந்தாலும் பெயரை எடுத்துவிட வேண்டாம். கடைசி வாரத்தில் விலகுகிறவர்கள் உண்டு.

இந்தப் பயிற்சி நமக்கு அந்நியமான இடத்திலிருந்து வந்ததில்லை. நம் வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) நிற்கும் தேக்குத் தூண் எந்த பர்மாவிலிருந்து வந்ததோ அங்கிருந்துதான் இதுவும் வந்தது. ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளில் (வட்டிக்கடைக் கட்டடங்களில்) நம்மவர்கள் பெட்டியடியில் உட்கார்ந்து பேரேடு எழுதிய காலத்தில், அதே நகரத்தில் ஊ பா கின் என்ற அரசாங்கக் கணக்கு அலுவலர் 1937இல் மூச்சைக் கவனிக்கத் தொடங்கினார். 1948இல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். தன் அலுவலக ஊழியர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் 1955இல் வந்து சேர்ந்தவர் மண்டலேயில் 1924இல் பிறந்த மார்வாடி வணிகர் எஸ்.என். கோயங்கா. வந்த காரணம் தீராத ஒற்றைத் தலைவலி. 1969இல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கியவர் 2013இல் மறைந்தார். ஒரு கணக்கரும் ஒரு வியாபாரியும் கைமாற்றிக் கொடுத்த சரக்கு என்பதால்தானோ என்னவோ, பயிற்சியில் பூச்சு குறைவு. இன்றும் மாலைப் பேச்சு கோயங்காவினுடையதுதான், ஒலிப்பதிவாக. தமிழில் கேட்கிறவர்களுக்குத் தமிழாக்கம் உண்டு. உடன் இருக்கும் உதவி ஆசிரியர் சந்தேகம் தீர்க்க மட்டும். நேரில் ஒரு குரு பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது சப்பென்று இருக்கும்.

நாள் விடிகாலை 4 மணிக்கு மணியோசையில் தொடங்குகிறது. 4:30 முதல் 6:30 வரை அமர்வு, பிறகு காலைச் சாப்பாடு. 8 முதல் 11 வரை அமர்வு, 11 மணிக்கு மதியச் சாப்பாடு. 1 முதல் 5 வரை அமர்வு, 5 மணிக்குத் தேநீரும் பழமும். 6 முதல் 7 வரை அமர்வு, 7 முதல் எட்டேகால் வரை பேச்சு, பிறகு 9 வரை மறுபடி அமர்வு. ஒன்பதரைக்கு விளக்கு அணைந்துவிடும். சிறு இடைவேளைகள் போக, தாளில் உள்ளபடி கூட்டினால் நாளுக்குப் பத்தே முக்கால் மணி நேரம் உட்காருகிறோம். பத்தாம் நாள் காலைவரை யாரோடும் பேச்சு இல்லை, சைகை இல்லை, புத்தகம், பேனா, கைபேசி எதுவும் இல்லை. ஆசிரியரிடமும் நிர்வாகியிடமும் தேவைக்குப் பேசலாம்.

உடம்பைத் தயார் செய்யாமல் போகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். முதல் எதிரி காபி. நாளுக்கு மூன்று நான்கு டம்ளர் குடிக்கும் ஆள் அதைச் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி பிடிக்கும். இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும். ஒரு வாரம்கூட இழுக்கலாம். இதைத் “தியானத்தில் பழைய வினை வெளியே வருகிறது” என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வருவது வினை இல்லை, டிகாக்ஷன். கிளம்புவதற்குப் பதினாறு நாள் முன்பே இரண்டு நாளுக்கு அரை டம்ளர் வீதம் குறைத்து வந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

அடுத்தது இரவுச் சாப்பாடு இல்லாமை. கடை அடைத்துவிட்டு வந்து பத்து மணிக்கு இலை போட்டுப் பழகிய வயிறு முதல் இரண்டு நாள் கத்தும், மூன்றாம் நாள் அடங்கிவிடும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு மட்டும் இது விளையாட்டு இல்லை. மதியத்துக்குப் பிறகு பழமும் தேநீரும் மட்டும் என்றால் சில மருந்துகளில் இரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். விண்ணப்பத்திலேயே எழுதி, மையத்தின் பதிலை வாங்கி, அதைக் கொண்டு தன் மருத்துவரிடம் மருந்தளவைக் கேட்ட பிறகே தேதியை உறுதி செய்ய வேண்டும். மறைத்துவிட்டுப் போவது வீரம் இல்லை.

மூன்றாவது முழங்கால். இன்று நாற்பது தாண்டியவர்களில் பாதிப் பேர் தரையில் அரை மணி உட்கார்ந்தே வருஷக்கணக்காகியிருக்கும். போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து தினம் ஒரு வேளையாவது தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாலே பாதி வேலை முடிந்தது. உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிட உயரத்தில் இருக்க வேண்டும். 4 முதல் 6 அங்குல உயரத்துக்கு மெத்தையோ மடித்த போர்வையோ பின்பாதியில் மட்டும் வைத்தால் முதுகு தானாக நிமிரும். முழுவதும் பரப்பி உட்கார்ந்தால் அந்த உயரத்தால் பயனில்லை, இடுப்பு பின்னால் சரிந்து பதினைந்தாம் நிமிடம் முதுகு வலிக்கும். கால் மரத்துப்போவது நரம்பு அழுத்தத்தால். எழுந்து சில நிமிடத்தில் சரியானால் பயமில்லை. முழங்காலின் உள்பக்கம் ஊசி குத்துவதுபோல வலித்தாலோ எழுந்த பிறகும் வலி தங்கினாலோ அதைப் பொறுக்கக் கூடாது, நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள். ஐந்தாம் நாளிலிருந்து மூன்று ஒரு மணி நேர அமர்வுகளில் கை, கால், கண் அசைக்காமல் இருக்கச் சொல்வார்கள். வீம்புக்குத் தரையில் இருந்தவர்களுடைய முழங்கால் அப்போதுதான் பேசும்.

இனி சரக்கு. முதல் மூன்றரை நாள் மூச்சு மட்டும். மூக்கின் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்ன இடத்தில் மூச்சு தொடுவதைக் கவனிக்க வேண்டும். மூச்சை இழுக்கவோ அடக்கவோ எண்ணவோ கூடாது, மந்திரம் சேர்க்கவும் கூடாது. பிராணாயாமம் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். அறியாமலே மூச்சை நீட்டிவிடுவார்கள். நான்காம் நாள் பிற்பகல் விபஸ்ஸனா. உச்சந்தலையிலிருந்து கால் விரல்வரை ஒவ்வோர் அங்கமாக மனதைக் கொண்டுபோய் அங்கே என்ன தெரிகிறதோ அதைப் பார்ப்பது. அரிப்பு, சூடு, துடிப்பு, பாரம், வேர்வை, துணி படுவது எதுவானாலும் சரி. நல்லது என்று பிடிக்காமல், கெட்டது என்று தள்ளாமல், இது மாறிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். எதுவும் தெரியாத இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு மேலே போகலாம். பத்தாம் நாள், எல்லோருக்கும் நலம் நினைக்கும் மெத்தா.

மனம் உடையும் நாட்கள் பெரும்பாலும் இரண்டாம் நாளும் ஆறாம் நாளும். இரண்டாம் நாள் காரணம் சலிப்பும் காபியும். ஆறாம் நாள் காரணம் நுட்பமானது. ஐந்தாம் நாள் யாருக்காவது உடம்பு முழுவதும் மெல்லிய அதிர்வு ஓடியிருக்கும், ஆகா கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார். ஆறாம் நாள் அது வராது. அதைத் தேடித் தேடியே நாள் போகும். இன்பமான உணர்ச்சியைத் துரத்துவது பயிற்சிக்கு நேர் எதிர் என்று அன்று மாலைப் பேச்சு கேட்டும் உறைக்காதவர்கள் உண்டு.

நம் பக்கத்து வீடுகளில் எழும் இன்னொரு கேள்வி, “சைவத்தை விட்டுட்டுப் போறாப்ல ஆயிடுமா?” யாரையும் மதம் மாறச் சொல்வதில்லை. ஆனால் பயிற்சி நாட்களில் பூசை, ஜபம், பாராயணம், விரதம் எல்லாவற்றையும் நிறுத்திவைக்க வேண்டும். ருத்திராட்சம், தாயத்து போன்றவற்றை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். காரணம் எளியது: இரண்டு மருந்தைக் கலந்து சாப்பிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆகவே சஷ்டி விரதம், தைப்பூசப் பாதயாத்திரை, பிள்ளையார் நோன்பு ஆகிய நாட்களைத் தொடாத தேதியாகப் பார்த்துப் பதிவது புத்திசாலித்தனம். போன இடத்தில் மனம் பிள்ளையார் நோன்பில் இழை எடுக்கும் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தால் மூச்சு எங்கே தெரியப்போகிறது.

இதுவரை சொன்னது பத்து நாள். பயிற்சியை எடைபோட வேண்டியது பதினோராம் நாளுக்குப் பிறகு, கல்லாவிலும் அடுப்படியிலும் வைத்துத்தான். அதற்கு ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: பற்று.

துன்பம் எப்படிச் சங்கிலியாகக் கோக்கப்படுகிறது என்பதற்குப் பௌத்தம் சொல்லும் பன்னிரண்டு கண்ணிகளை மணிமேகலை தமிழிலேயே எண்ணிக்கொடுக்கிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்பதாவதைப் பாருங்கள். நம் கணக்கில் வரவுக்கு எதிர்ப்பக்கம் எழுதும் அதே சொல். பற்று எழுதியவுடன் அது நம் பெயரில் நிற்கிறது, தீரும்வரை வட்டி ஓடுகிறது. பெரிய அளவில் இது எப்படிப் போகும் என்பதை நம் முன்னோர் கீழ் பர்மாவிலேயே பார்த்தார்கள். முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. விலை வீழ்ந்து கடன் திரும்பாமல் 1938இல் அது 25 சதவீதமானது. கேட்டது பணம், வந்தது நிலம். 1942இல் ஜப்பானியர் வந்தபோது அதில் ஒரு குழி நிலம்கூட யாராலும் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை.

பயிற்சி முழுவதும் வேலை செய்வது அந்தச் சங்கிலியில் ஒரே ஓர் இடத்தில்தான்: நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில். கல்லாவில் உட்கார்ந்திருக்கையில் கைபேசி அதிர்கிறது. அது ஊறு, புலனில் வந்து படுவது. நெஞ்சிலோ விரல் நுனியிலோ எழும் சின்னப் பரபரப்பு நுகர்வு. யாராக இருக்கும், இப்பவே பார்த்துடணும் என்பது வேட்கை. எடுத்து, வந்த செய்தியைப் படித்து முடித்து, அப்புறமும் இருபது நிமிடம் விரலால் தள்ளிக்கொண்டே இருப்பது பற்று. செய்ய வேண்டியது இவ்வளவுதான். அதிர்ந்ததும் கையை நகர்த்தாமல் ஒரு மூச்சு. பரபரப்பு உடம்பில் எங்கே என்று பார்க்க இரண்டாவது மூச்சு. அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க மூன்றாவது. பிறகு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு. பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் ஆகாது. அதற்குள் எந்த வாடிக்கையாளரும் ஓடிப்போக மாட்டார்.

இதில் இரண்டு தவறு வழக்கமாக நடக்கிறது. பரபரப்பை அடக்க முயல்வது முதல் தவறு. அடக்கினால் அது இன்னொரு வேட்கை, “எனக்கு இது இருக்கக் கூடாது” என்ற வேட்கை. பார்த்தால் போதும், போகிறதோ இருக்கிறதோ அதன் பாடு. இரண்டாவது, நாளுக்கு நூறு முறை அதிரும் கருவியில் நூறு முறையும் இதைச் செய்யப் பார்ப்பது. நான்காம் நாள் கைவிட்டுவிடுவார்கள். முதலில் தேவையில்லாத நோட்டிபிகேஷன்களை எல்லாம் அணைத்துவிட வேண்டும். அதற்குத் தியானம் வேண்டாம், விரல் போதும். மிச்சம் இருப்பதில் நாளுக்கு மூன்றே மூன்றைத் தேர்ந்து பழக வேண்டும்.

நிலுவை கேட்கப் போகிறவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பயன்படும். “அடுத்த மாசம் பார்ப்போம்ணே” என்று எதிராளி சொன்னதும் காது சூடாகும், தாடை இறுகும். அந்தச் சூட்டைப் பார்த்த பிறகு பேசினால் குரல் ஏறாது, தொகையும் தேதியும் தெளிவாக வரும். ஆனால் சமநிலை என்ற பெயரில் நிலுவையையே கேட்காமல் விடுவது பயிற்சி இல்லை. விபஸ்ஸனா முடித்துவிட்டு வந்தவர் கடனைத் தள்ளுபடி செய்கிறார் என்று ஊரில் பெயர் பரவினால் அடுத்த தேதிக்கு விண்ணப்பம் குவியும், அவ்வளவுதான்.

ஆனால் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவுக்கு உடம்பைப் பார்ப்பது மட்டும் போதாது. நாற்பது புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பொதுவான வீடு, மேல் ஓடு ஒழுகுகிறது, யார் எவ்வளவு போடுவது என்று சிங்கப்பூரிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் கேட்கிறார், பத்து நிமிடத்தில் முப்பது வருஷத்துப் பழங்கதை மேலே வந்துவிடுகிறது. இங்கே தேவைப்படுவது புத்தர் பேச்சுக்குச் சொன்ன ஐந்து சோதனைகள்: ஏற்ற நேரமா, உண்மையா, மென்மையாக இருக்கிறதா, பயன் உண்டா, நல்லெண்ணத்தோடு வருகிறதா. பதிலைக் குழுவின் பெட்டியில் அடிக்காமல் வேறு குறிப்பில் எழுதி வைக்க வேண்டும், கை தவறி அனுப்பிவிடும் அபாயம் இல்லை. காலை அமர்வுக்குப் பிறகு ஐந்தையும் வைத்துப் படிக்க வேண்டும். பெரும்பாலான செய்திகள் உண்மையில் தேறி நேரத்தில் தோற்கும். உண்மையாக இருந்துவிட்டால் அனுப்பும் தகுதி வந்துவிட்டது என்று நினைப்பதுதான் பங்காளிக் குழுக்களின் பெருவியாதி. குரல் செய்தி எந்தச் சோதனைக்கும் அகப்படாது. கோபத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

பத்து நாள் பயிற்சியின் பெரிய குறை என்று நான் வைப்பது இந்த இடம்தான். ஒழுக்கம், தொழில், பேச்சு எல்லாம் மாலைப் பேச்சுகளில் புத்தர் சொன்ன எண்வழிப் பாதையின் பகுதியாக வந்துபோகின்றன. நாளின் எடை முழுவதும் உணர்ச்சியைப் பார்ப்பதில் விழுவதால் வீடு திரும்பியவர் கையில் இல்லறத்துக்கான விதிகள் குறைவாகவே இருக்கின்றன. இத்தனைக்கும் புத்தர் இல்லறத்தாருக்குச் சொன்னது கொஞ்சமில்லை. கோலிய நாட்டு தீகஜாணு, “நாங்கள் பிள்ளைகுட்டிகளோடு நெருக்கியடித்துப் படுப்பவர்கள், காசிச் சந்தனம் பூசுகிறவர்கள், பொன்னும் வெள்ளியும் வாங்குகிறவர்கள், எங்களுக்கு ஏற்றதைச் சொல்லுங்கள்” என்ற பொருளில் கேட்டார். துறவு போ என்று பதில் வரவில்லை. தொழிலில் ஊக்கம், சம்பாதித்ததைக் காப்பது, நல்ல துணை, வரவுக்கேற்ற சமவாழ்வு என்று நான்கு வந்தது. சமவாழ்வுக்குச் சொன்ன உவமை தராசு பிடிப்பவன்: இவ்வளவு தாழ்ந்தது, இவ்வளவு உயர்ந்தது என்று அவனுக்குத் தெரிகிறாற்போல வரவும் செலவும் தெரிந்திருக்க வேண்டும். செல்வம் வடிவதற்குச் சொன்னது நான்கு வாயும் நான்கு மடையும் உள்ள குளம். வரத்துக்காலை அடைத்துவிட்டு மடையைத் திறந்தால் ஊரணி என்ன ஆகும் என்று நம் ஊர்களில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். மடைகள்: பெண்பித்து, குடி, சூது, கெட்ட சகவாசம். இன்று சூது கைபேசிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்னது இன்னும் நேரடி: வருமானத்தில் ஒரு பங்கு அனுபவிக்க, இரண்டு பங்கு தொழிலில் போட, நான்காவது பங்கு ஆபத்துக்கு வைக்க. மாதச் சம்பளக்காரர்களுக்கு அந்த இரண்டு பங்கைக் கல்வி, கடன் தவணை, தொழில் கருவி என்று வைத்துக்கொண்டால் பொருந்தும். கல்யாணச் சீரும் அதை ஊர் பார்க்கச் சாமான் பரப்புவதும் எந்தப் பங்கில் எழுத வேண்டியவை என்று கேட்டால், அனுபவிக்கும் ஒரு பங்கில்தான். பெரும்பாலான வீடுகளில் அவை நான்காவதைத் தின்றுவிடுகின்றன. வேறோர் இடத்தில் அவர் சொன்ன, விற்கக் கூடாத சரக்கு ஐந்து: ஆயுதம், உயிர், இறைச்சி, போதை, நஞ்சு. பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர்களும் கறிக்கடைக்காரர்களும் இதைக் கேட்டுக் கடையை மூடப்போவதில்லை. பட்டியல் இருப்பது தெரிந்திருக்கட்டும்.

வீட்டில் தொடர்வது அடுத்த சிக்கல். காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்லி அனுப்புகிறார்கள். ஒன்பது மணிக்குக் கடை அடைக்கும் ஆளிடம் மாலை ஒரு மணி நேரம் கிடையாது. முடியவில்லை என்ற குற்ற உணர்ச்சியிலேயே காலை அமர்வையும் விட்டுவிடுவார். அதைவிட இப்படித் தொடங்குவது நிலைக்கும்: முதல் மண்டலம், 48 நாள், காலையில் 20 நிமிடம் மட்டும், கைபேசியைத் தொடும் முன். அடுத்த மண்டலம் 30 நிமிடம். அதற்கடுத்து மாலையில் 15 நிமிடத்தைச் சேர்க்கலாம். குளித்த பின், சாப்பிடும் முன். சாப்பிட்டபின் உட்கார்ந்தால் வருவது தூக்கம். ஒரு நாள் விட்டுப்போனால் மண்டலத்தை முதலிலிருந்து எண்ண வேண்டாம், விட்ட இடத்திலிருந்து எண்ணினால் போதும். 20 நிமிடத்தில் பாதி மூச்சு, பாதி உடம்பு. கடைசி ஒரு நிமிடம் மெத்தா. தனியாக இருக்கும் ஆத்தாவும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் நினைத்து ராத்திரி புரள்கிற வீடுகளில் இந்த ஒரு நிமிடத்தை ஐந்தாக்கலாம்.

இடத்துக்கு இந்த ஊர்களில் பஞ்சமில்லை. இரட்டை வீட்டு உள்ளறை அமைதி, ஆனால் காற்று வராது. சித்திரை வைகாசியில் பத்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும். விடிகாலையில் வளவைச் சுற்றிய தாழ்வாரம் மேல். ஆத்தங்குடிக் கல் விடியலில் சில்லென்று இருக்கும், தடுக்கு ஒன்று போதாது. ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் இடுப்புக்கு உயரம் வைக்க வேண்டும். நேரம் பார்க்கக் கைபேசிச் செயலி வேண்டாம், அது கருவியைத் திரும்பக் கையில் கொடுத்துவிடும். சாவி கொடுக்கும் சமையலறை டைமர் போதும். அதுவும் இல்லாவிட்டால் வீட்டில் வாங்கும் ஊதுபத்தி ஒன்று எரிந்து முடிய எத்தனை நிமிடம் என்று ஒருமுறை அளந்து, வேண்டிய நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளலாம்.

பயிற்சியில் இல்லாத, இந்த ஊருக்குப் பொருந்துகிற ஒரு சேர்ப்பு: இரவில் ஐந்து நிமிடம் குறிப்பு. பிள்ளையார் சுழி போட்டு நடுவில் கோடு. பற்றுப் பக்கத்தில் அன்று எகிறிய இடம், உடம்பில் எங்கே தெரிந்தது, எத்தனை நிமிடம் கழித்து நினைவு வந்தது. வரவுப் பக்கத்தில், எகிறாமல் நின்ற இடம். ஒரு பதிவுக்கு ஒரே வரி. “மதியம் 1 மணி. சரக்கு லாரி வரவில்லை. கழுத்து. 40 நிமிடம்.” நியாயம் யார் பக்கம் என்று எழுதத் தொடங்கினால் அது குறிப்பு இல்லை, வக்கீல் நோட்டீஸ். மாதம் ஒருமுறை ஐந்தொகை, அதாவது மொத்தக் கணக்கு, எடுக்கும்போது பார்க்க வேண்டியது எகிறிய தடவைகளின் எண்ணிக்கையை இல்லை, அது சந்தையைப் பொறுத்து ஏறி இறங்கும். அந்த நிமிடங்களைத்தான். 40 நிமிடம் 25 ஆகியிருந்தால் பயிற்சி வேலை செய்கிறது. மூன்று மாதமாக அசையவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் காலை அமர்வில் உடம்பைப் பார்க்காமல் அன்றைய கொள்முதலைத் திட்டமிட்டுக்கொண்டிருப்பது.

யார் போக வேண்டாம்? மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது, பயிற்சிக்காக மருந்தை நிறுத்தவும் கூடாது. அண்மையில் வீட்டில் துக்கம் நடந்தவர்கள் ஆறு மாதமாவது கழித்துப் போவது நல்லது. பேச்சுத்துணை இல்லாத பத்து நாளில் அது மொத்தமாக மேலே வரும். மூட்டுக்கும் முதுகுக்கும் மட்டும் மருந்து தேடுகிறவர்களுக்கு இது இடமில்லை. மற்றவர்களில், கோபத்தால் தொழிலிலோ குடும்பத்திலோ தினம் நஷ்டப்படுகிறவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஏற்கெனவே அடங்கிய சுபாவம் உள்ளவருக்கு இதைவிட அந்த இல்லற விதிகளைப் பின்பற்றுவது அதிக வரவு.

எடுத்துப்போக: தளர்வான பருத்தி உடை ஆறு நாளைக்கு, துவைக்கச் சோப்பு, கொசுவலை, டார்ச், மெல்லிய சால்வை, வழக்கமான மருந்து 12 நாளைக்கு, சாவி கொடுக்கும் கடிகாரம். வாசனைத் தைலம், சென்ட், மூக்குப்பொடி, வெற்றிலை, தின்பண்டம் வேண்டாம். கடைக்கு அடுத்தாள் யார், வீட்டில் அவசரம் என்றால் மையத்தின் எந்த எண்ணுக்குச் சொல்வது என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். திரும்பும் வழியில் கைபேசியைப் பேருந்து திருப்பத்தூர் தாண்டும்வரை திறக்காமல் வைத்திருங்கள். திறந்ததும் அழைக்க வேண்டியது வீட்டை மட்டும். பங்காளிக் குழுவில் சேர்ந்திருக்கும் எழுநூறு செய்தியை மறுநாள் காலை அமர்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.